வடசென்னையில் வீட்டுத் தோட்டம்: செடிக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வீட்டுத் தோட்டம் அமைப்பது பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வீடு கட்டுபவர்களின் கவனத்தைச் சுற்றுப்புறப் பசுமையின் பக்கம் திருப்பிய அம்முயற்சிக்கு நன்றி. ஆயினும் அதில் இருந்த படங்களும் பரிந்துரைத்த செடிகளும் பெங்களூருக்கோ உதகைக்கோ பொருந்துமே தவிர, திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதவரத்திலும் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டுகிற குடும்பங்களுக்குப் பொருந்தமாட்டா. வடசென்னை வீடுகளில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவள் என்ற முறையில், இங்கே திரும்பத் திரும்ப நான் காணும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது; பொருளின் தேவை கருதி அனுமதிக்க வேண்டுகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் தோட்டம் தொடங்குவது நர்சரி வாசலில்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொத்தனார் வேலையெல்லாம் முடிந்து, மதிற்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே சிமென்ட் தளம் போட்டது போக மீந்த மூன்றடி அகல மண்ணில் எதையாவது நட்டால் பார்வையாக இருக்கும் என்ற எண்ணம் வருகிறது. அன்று மாலையே போய், பூத்து நிற்கும் செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஆட்டோ நிறைய ஏற்றிவந்து, அடியொட்டி அடியொட்டி நட்டுவிடுகிறார்கள். கார்த்திகை மழையில் பாதி அழுகிப் போகிறது, மீதி சித்திரை வெயிலில் கருகிப் போகிறது. நர்சரிக்காரரைக் குறை சொல்கிறார்கள். இல்லையென்றால் கைராசி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மண்ணுக்கு எந்தத் தண்ணீர் வரப்போகிறது, வந்த தண்ணீர் எங்கே போகப்போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் நட்டதே காரணம். நம் பகுதியில் தோட்டத் திட்டம் என்பது முதலில் தண்ணீர்த் திட்டம்; செடிகளின் பட்டியல் அதற்குப் பிறகே வர வேண்டும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது அனைவரும் அறிந்ததே. மீஞ்சூர்ப் பக்கம் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பு வகுத்திருக்கிறது. அந்த 2,000 அளவுள்ள போர் தண்ணீரை நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் தோட்டத்துக்கு ஊற்றினால், நூறு கிராம் உப்பையும் சேர்த்தே ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. கோடையின் மூன்று மாதங்களில் அந்தச் சின்னப் பாத்தியில் ஒன்பது கிலோ உப்பு சேர்ந்துவிடுகிறது. இலை நுனி பழுப்பேறி, ஓரம் சுருண்டு, செடி தாகத்தில் வாடுவதுபோலத் தோன்றுவதால் வீட்டார் இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறார்கள். அதனால் உப்பு மேலும் ஏறுகிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கித் தண்ணீரை அளந்துவிட்டுச் செடி தேர்ந்தெடுத்தால் இந்தத் துன்பம் பெருமளவு நேராது. மே மாதத்தில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளப்பது நல்லது, ஏனெனில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

இதே காரணத்தால், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று எண்ணிச் செடிக்கு ஊற்றுகிற பழக்கத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தண்ணீரில் இருப்பது வடிகட்டி விலக்கப்பட்ட உப்பு முழுவதும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்திவிட்டு, அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் செடிக்குக் கொடுக்கலாம்.

அடுத்து, புல்தரை. வீடு கட்டும் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் பொருள் கார்பெட் புல்தான் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கோடை வெயிலில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. பத்தடிக்குப் பத்தடி என்று ஒரு சின்னத் துண்டு போட்டாலும் நாள்தோறும் 45 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு குடம் குடிநீருக்குப் பெண்கள் லாரியின் பின்னால் வரிசையில் நிற்கிற தெருவில் இது சிறிய அளவு ஆகாது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தபோது கார்பெட் புல் எந்த வீட்டிலும் பிழைக்கவில்லை என்றே சொல்லலாம். போர் தண்ணீரின் உப்பையும் அந்தப் புல் தாங்குவதில்லை. தரையில் பச்சை விரிப்பு வேண்டுமென்றால் அருகம்புல் இருக்கிறது. அது உப்பையும் வெயிலையும் தாங்கும், காய்ந்தாலும் முதல் மழையில் தழைக்கும். அதைவிடவும் நான் விரும்பிப் பரிந்துரைப்பது பொடுதலை. கால்வாய் ஓரங்களிலும் கடற்கரை மணலிலும் தானாகவே படர்ந்து கிடக்கும் இந்தச் செடி, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிப்பார்களே, அதுதான். மிதித்தாலும் சாகாது, வெட்ட வேண்டியதில்லை, சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதாலேயே நம் மக்கள் இதை மதிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாவது கேள்வி, வந்த தண்ணீர் எங்கே போகும் என்பது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. அறுநூறு சதுர அடி மொட்டைமாடியில் ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 5,500 லிட்டர் தண்ணீர் குழாய் வழியாக இறங்கும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அதன்பின் கட்டிய வீடுகளில் குழாயும் குழியும் காட்டுவதற்கு இருக்கின்றன. குழியைத் திறந்தால் சிமென்ட் சாந்தும் பிளாஸ்டிக் பையும் நிரம்பிக் கிடக்கின்றன, அல்லது குழாய் நேராகத் தெருவுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. கடலோர மணற்பகுதியில் நல்ல தண்ணீர், எடை குறைந்ததாகையால், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால் அதற்குக் கீழே உப்பு நீரின் எல்லை ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்தில் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. ஆகவே திருவொற்றியூரில் ஒருவர் தம் மாடித் தண்ணீரை மணலில் இறக்கினால், அடுத்த கோடைக்குத் தம் தோட்டத்துக்கான நல்ல தண்ணீரைத் தாமே சேமிக்கிறார். தோட்டத்தின் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது இந்தக் குழியின் இடத்தைத்தான்.

கொளத்தூர், மாதவரம், புழல் பக்கங்களில் நிலைமை வேறு. ஏரிப் படுகைகளும் வயல்களும் மனைகளான இடங்களில் அடியில் இருப்பது களிமண். தண்ணீர் இறங்காது, நிற்கும். தம் மனை எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீரை நிரப்பி முழுவதும் வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, உள்ளே ஒரு குச்சியை நட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஓரங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே மேட்டுப்பாத்தி கட்டாமல் எதை நட்டாலும் வேர் மூச்சுமுட்டிப் போகும். ஒன்று முதல் மூன்று அங்குலம் இறங்கினால் நல்ல மண். அதற்கு மேல் வேகமாக இறங்கினால் மணல். அங்கே மட்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்தால்தான் ஈரம் தங்கும். அரை நாள் வேலை. வீட்டின் அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்கிறவர்கள்கூடத் தோட்டத்துக்கு இந்தக் குழியைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

மட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், வடசென்னையின் பழைய தெருக்களில் வேறெதையும்விட இது முக்கியம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று அரசு 2021இல் அறிவுறுத்தியது; அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் தார் மேல் தார் போட்டு உயர்த்தியதால் எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குகிறார்கள். மண்ணின் மட்டம் சுவரின் அடித்தளத்தில் போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே ஏறிவிட்டால், மழைக்காலம் முழுவதும் சுவர் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே வண்ணம் உரியும், உப்புப் பூக்கும், அலமாரியில் துணி பூசணம் பிடிக்கும். மண் மட்டம் அந்தப் பட்டைக்குக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே நிற்க வேண்டும், சரிவு வீட்டை விட்டு விலகிப் போவதாக இருக்க வேண்டும். தெருத் தண்ணீரைத் தடுக்க வாசலில் ஒரு சிறு வரப்பு மேடை போதும். முழு மனையையும் உயர்த்தத் தேவையில்லை. சுற்றிலும் சிமென்ட் போட்டு மூடுவதையும் தவிர்க்கலாம். இருசக்கர வண்டி ஏறி இறங்கும் தடத்துக்கு மட்டும் மூன்றடி அகலத்தில் கல் பதித்துவிட்டு, மற்றதை மண்ணாகவே விட்டால் மழை உள்ளே இறங்கும், வெயிலில் வீடும் அவ்வளவாகக் கொதிக்காது.

மண்ணைப் பற்றிச் சொல்லும்போது மாத்தூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. முகப்பில் வரிசையாக இட்லிப்பூச் செடி நட்டிருந்தார்கள். புதுத் தளிரெல்லாம் வெளிறிய மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டாற்போலத் தெரிந்தது. யூரியா போட்டுப் பார்த்திருந்தார்கள், பலனில்லை. மண்வெட்டியை இறக்கினால் அரையடியில் 'ணங்' என்றது. மேலே பரப்பியிருந்த செம்மண்ணுக்குக் கீழே உடைந்த டைல்ஸ், சுண்ணாம்புக் காரை, இறுகிப்போன சிமென்ட் மூட்டை ஒன்று அப்படியே. கட்டிய ஒப்பந்தக்காரர் இடிபாடுகளை அகற்றும் கூலியை மிச்சப்படுத்தி அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளித்தால் சில வாரங்களுக்குப் பச்சை திரும்பும், நிரந்தரத் தீர்வுக்கு அந்த இடிபாட்டை அள்ளத்தான் வேண்டும். அந்த வீட்டில் இரண்டடி ஆழத்துக்கு அள்ளி மாற்றினோம். செடி வாங்கியதைவிடப் பல மடங்கு செலவு. கட்டட ஒப்பந்தத்தில் "மனைக்குள் இடிபாடு புதைக்கக் கூடாது, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்துக் கடைசியில் பரப்ப வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது. வீடு கட்டப்போகும் வாசகர்கள் அந்த வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

வெயில் எங்கே விழும் என்பதை ஒருநாள் காலையில் பார்த்து முடிவு செய்வது மற்றொரு பிழை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சியிலிருந்து சற்று வடக்கே இருக்கும். மார்கழியில் வெகுவாகத் தெற்கே இறங்கிவிடும். இருபதடி உயரமுள்ள வீட்டின் நிழல் டிசம்பர் நண்பகலில் வடக்குப் பக்கம் பதினைந்தடி வரை விழும். வடக்கு வாசல் வீட்டின் முன்புறத்தில் பத்தடி இடம் விட்டு மல்லிகை நட்டவர்கள், வைகாசியில் பூத்துக் குலுங்கியது தை மாதத்தில் ஏன் முடங்கிக் கிடக்கிறது என்று கேட்பதற்கான விடையில் இந்த நிழலுக்கும் பங்குண்டு. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வடக்குப் பக்கத்தை நந்தியாவட்டைக்கும் வெற்றிலைக்கும் கற்பூரவல்லிக்கும் ஒதுக்கிவிட்டு, பூச்செடிகளைக் கிழக்கிலோ தெற்கிலோ வைக்கலாம். மேற்குச் சுவர்தான் வீட்டை வாட்டுகிறது. தெற்கிலும் மேற்கிலும் உயர்ந்த மரம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில், மேற்கைப் பொறுத்தவரை தெளிவான பயன் இருக்கிறது. மரத்துக்கு இடமில்லையென்றால் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிப் பந்தல் நிறுத்திச் சங்குப்பூவையோ பாகலையோ ஏற்றலாம். சுவரிலேயே கொடி ஒட்டிப் படர்ந்தால் ஈரம் தங்கி விரிசலில் வேர் நுழையும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு கட்டம் போட்ட தாளை எடுத்து, ஒரு கட்டம் ஓரடி என்று வைத்து மனையை வரைய வேண்டும். சம்ப் தொட்டியின் மூடி, கழிவுநீர்க் குழாய் போகும் பாதை, ஏ.சி. இயந்திரம் வெப்பக்காற்றைத் தள்ளும் பக்கம், மின்கம்பி, லாரித் தண்ணீர்க் குழாய் வரும் வழி எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். அதன்பின் வீட்டிலுள்ளவர்களைக் கேட்க வேண்டும். துணி எங்கே உலர்த்துவீர்கள், கோலத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும், சாயங்காலம் பாட்டி எங்கே உட்காருவார், பிள்ளைகள் பந்து எங்கே ஆடுவார்கள், காலையில் சாமிக்குப் பூ யார் பறிப்பார்கள் என்றெல்லாம் கேட்ட பிறகு எஞ்சும் இடமே தோட்டத்துக்கு. துணிக்கொடிக்கு இடம் விடாமல் அமைத்த தோட்டத்தில் ஆறு மாதத்தில் செடிமேல் துணி உலரும். தண்ணீர்க் குழாய் எட்டாத மூலையில் நட்டது எவ்வளவு ஆசையாக நட்டதாயினும் காய்ந்துதான் போகும். தண்ணீர் அதிகம் வேண்டும் செடிகளைக் குழாயடியில் ஒன்றாகவும், வறட்சி தாங்குபவற்றைத் தள்ளி ஒன்றாகவும் வைப்பது எளிய விதி; கற்றாழைக்கும் வாழைக்கும் ஒரே பாத்தியில் ஒரே அளவு ஊற்றினால் இரண்டில் ஒன்று கெடும்.

மரத் தேர்வில் நேரும் பிழை உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதை 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நமக்குக் காட்டியது. அன்று சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை போன்ற, வேகமாக வளர்ந்து மேலாகவே வேர்விடும் வெளிநாட்டு மரங்கள் மிகுதி. இன்றும் விரைவாக நிழல் வேண்டும் என்பதற்காக அவற்றையே கேட்கிறார்கள். வேகமாக வளர்ந்து மறைப்புக் கட்டும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைச் சிலர் மதிலோரம் நடுகிறார்கள். அதன் வேர் குழாய்களையும் வடிகால்களையும் துளைக்கும், மகரந்தம் மூச்சுத்தொல்லை தரும் என்ற காரணங்களால் குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடை விதித்தது. கடற்காற்றையும் புயலையும் தாங்கிப் பழகிய புன்னையும் பூவரசும் புங்கமும் மகிழமும் நம் மண்ணின் மரங்கள். அவையும் பெரிய மரங்களே என்பதால், முழு கிரவுண்டு மனையில், சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, சம்ப் தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இன்னும் விலகி ஒன்று வைக்கலாம். அரை கிரவுண்டில் பவழமல்லி, கறிவேப்பிலை, மாதுளை, சீத்தா, எலுமிச்சை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். முருங்கை வேண்டுமென்பவர்கள் அதன் கிளை காற்றில் முறியும் என்பதை நினைவில் வைத்து, ஆண்டுதோறும் வெட்டிக் குட்டையாக வைத்திருக்க வேண்டும். தென்னையை நடைபாதையோரமும் வண்டி நிறுத்துமிடத்திலும் நடுவதை நான் ஒருபோதும் ஒப்புவதில்லை. நர்சரியில் இரண்டடி உயரத்தில் நிற்கும் கன்று பத்து ஆண்டுக்குப் பின் எவ்வளவு அகலம் விரியும் என்பதைத் தாளில் வட்டமாக வரைந்து பார்த்தாலே பாதிப் பிழை நீங்கிவிடும்.

கடலை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொன்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இலையில் படிய வைக்கிறது. கிழக்கு ஓரத்தில் காகிதப்பூவையோ பூவரசையோ தடுப்பாக வளர்த்து, அதன் மறைவில் மென்மையான செடிகளை வைத்தால் அவை பிழைக்கும். அரளியும் உப்பைத் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் இலைமேல் படிந்து செடியின் சுவாசத்தை அடைத்துவிடுவதால், வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை இலைமேல் தெளித்துக் கழுவ வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்க வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படி எண்ணெய்ச் சேறு படிந்த இடத்தில் மேல்மண்ணை எடுத்துவிடாமல் கீரையும் காய்கறியும் பயிரிடுவது கூடாது. பூச்செடியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தரையில் இடமில்லாத தண்டையார்பேட்டை, இராயபுரம், வண்ணாரப்பேட்டைக் குடும்பங்கள் மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறார்கள். தோட்டக்கலைத் துறையும் மாடித்தோட்டத்துக்கு ஊக்கமளித்து வருகிறது, வரவேற்கத்தக்கது. ஆனால் எடைக் கணக்கு எவருக்கும் தெரிவதில்லை. நடமாட்டம் உள்ள சமதள மாடிக்கு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்று கணக்கிட்டுத்தான் இந்தியத் தர விதிப்படி வடிவமைக்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் அது 1,400 கிலோ. அதே இடத்தில் செங்கல்லால் தொட்டி கட்டி ஓரடி உயரத்துக்கு மண் நிரப்பி, அது மழையில் நனைந்தால் ஐந்து டன் அளவுக்கு எடை ஏறும். காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய மாடிகளில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கு மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூடுதலாகக் கலந்த பைகளையே வைக்க வேண்டும். அவற்றையும் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரங்களில், தளத்தில் படாமல் தாங்கிகளின் மேல் வைக்க வேண்டும். பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

நடும் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்திரி வெயிலில் கிரகப்பிரவேசம் என்பதற்காக அப்போதே நட வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் மரக்கன்றை நட்டால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. பையோடு நடுவதும், உருண்டையை உதிர்க்காமல் நம் மணலில் அப்படியே புதைப்பதும் தவறு. வெளி மண்ணில் ஊற்றிய தண்ணீர் உருண்டைக்குள் போகாது. வேர் அதற்குள்ளேயே சுற்றி நின்றுவிடும். ஓரமாகத் தளர்த்தி, சுற்றிய வேரைப் பிரித்துவிட்டு, நர்சரிப் பையில் இருந்த அதே மட்டத்தில் நட்டு, அடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட வேண்டும். மூடாக்கு நம் வெயிலில் தண்ணீர்த் தேவையை வெகுவாகக் குறைக்கும். அதைக் குப்பை என்று கருதித் தினமும் பெருக்கி எரிப்பதை நிறுத்த வேண்டும். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வளரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; அத்தட்டுகள் இல்லாமலேயே தொட்டிகளை வைக்கலாம்.

ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். முதலாண்டில் நீர்க்குழி, சரிவு, பாதை, மண் ஆகியவற்றைச் சரிசெய்து மரத்தை மட்டும் நட்டுவிட்டு, ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்த்தபின் மற்றவற்றை வைத்தவர்களின் தோட்டங்களே இன்றும் நிற்கின்றன. நண்பர்கள் வீட்டிலிருந்து பதியம் வாங்கிவந்தாலே செலவும் குறையும். சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கினால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும் சுமையிலும் கொஞ்சம் குறையும். அம்மேட்டின் புகையை இத்தனை ஆண்டுகளாகச் சுவாசித்த பகுதி மக்களுக்கு அது சிறிய விஷயம் ஆகாது.

இனி என் கோரிக்கைகள். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு 2024 முதல் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு இது பெரிய உதவி. அந்த அனுமதியோடு, மனையின் திறந்தவெளியை எப்படிப் பயன்படுத்துவது, மழைநீர்க் குழியை எங்கே அமைப்பது, எந்த மரத்தைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நடுவது என்பதைப் படத்துடன் விளக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் தமிழில் சேர்த்துக் கொடுக்க அரசு முன்வர வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மாநகராட்சி மண்டலங்களின் மண்ணும் தண்ணீரும் ஒன்றுபோல் இல்லை என்பதால் குறிப்பும் மண்டலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே அரை கிரவுண்டு அளவில் ஒரு மாதிரி வீட்டுத் தோட்டத்தை, மணலுக்கு ஒன்றும் களிமண்ணுக்கு ஒன்றுமாக அமைத்துக் காட்டினால், மக்கள் குடும்பத்தோடு வந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். தங்கள் நாளிதழும் வார இணைப்பில் அழகிய படங்களோடு, அந்தந்த மாதத்தில் வடசென்னையில் எதை நடலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று தோட்டக்கலை அலுவலர்களைக் கேட்டு ஒரு சிறு பத்தி வெளியிட வேண்டும். ஆவணி பிறப்பதற்கு முன் அதைத் தொடங்கினால் இவ்வாண்டு நடுபவர்களுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவொற்றியூர், சென்னை - 19.